இருவகைக் கரியும் முதிய விண்மீன்களும்

அடுப்பில் எரியும் விறகு, விளக்கின் மேல் படியும் புகைக்கரி, நாம் உண்ணும் சோறு, நம் உடலின் தசை ஆகிய அனைத்திலும் கலந்து நிற்கும் தனிமம் ஒன்று உண்டு. அதுவே கார்பன் என்னும் கரி. இக்கரி எங்கே பிறந்தது? மண்ணுலகம் தோன்றுவதற்கு முன்பே, பண்டைய விண்மீன்களின் உட்புறத்தில் அது சமைக்கப்பட்டது என்றும், அவ்விண்மீன்கள் முதிர்ந்து தளர்ந்தபோது வெளியே உமிழப்பட்டது என்றும் இன்றைய வானநூலார் கூறுவர். இக்கூற்றுக்குச் சான்று யாது? விண்மீனின் உள்ளே புகுந்து பார்த்தவர் ஒருவருமில்லை. பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு பொருளின் வயிற்றுக்குள் நிகழ்வதை, அதன் மேலே போர்த்திருக்கும் வாயுவைக் கொண்டே நாம் உணர வேண்டியுள்ளது. அவ்வாறு உணரத் துணை நின்ற சான்றுகளுள் தலையாயது ஓர் எளிய விகிதம். கார்பனின் இருவகை அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கலந்துள்ளன என்பதே அது. இவ்விகிதத்தைப் படிக்கக் கற்ற வரலாற்றையும், அவ்வரலாற்றில் பெங்களூர் ஆராய்ச்சி நிலையங்கள் பெற்ற பங்கையும் இங்கே காண்போம்.

முதலில் இருவகைக் கரி என்பதை விளக்குதல் வேண்டும். கார்பன் அணுவின் கருவில் ஆறு புரோட்டான்கள் உண்டு. அவற்றோடு ஆறு நியூட்ரான்கள் சேர்ந்திருப்பின் அது கார்பன் 12. ஏழு சேர்ந்திருப்பின் அது கார்பன் 13. இரண்டும் கரியே, எரியும்போதும் பிற தனிமங்களோடு கூடும்போதும் ஏறக்குறைய ஒரே வகையாகவே நடந்துகொள்ளும். எடையில் மட்டுமே ஒன்று சற்றுக் கனமானது. இத்தகைய உடன்பிறப்பு அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். மண்ணுலகில் எங்கே ஒரு பிடி கரியை எடுத்தாலும், அதில் கார்பன் 13 ஒன்றுக்குக் கார்பன் 12 ஏறக்குறைய எண்பத்தொன்பது என்ற அளவில் இருக்கும். மரத்திலும் மலையிலும் மனிதனிலும் இக்கணக்கு மிகச் சிறிதே வேறுபடும். சூரியனிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆயின், வானத்தில் வேறு சில விண்மீன்களை நோக்குமிடத்து இக்கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. அம்மாற்றமே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

1860-களில் இத்தாலி நாட்டு வானநூல் அறிஞர் ஆஞ்சலோ செக்கி என்பவர், விண்மீன்களின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, அது விரிந்து தோன்றும் நிறமாலையைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தினார். செக்கியின் நான்காம் வகையில் அடங்கியவை ஆழ்ந்த செந்நிறம் உடைய சில விண்மீன்கள். அவற்றின் நிறமாலையில் அகன்ற கரும்பட்டைகள் வரிசையாகக் காணப்பட்டன. இப்பட்டைகள் கார்பன் சேர்மங்களால் விளைபவை என்பது விரைவிலேயே புலனாயிற்று. நம் வீட்டுச் சமையல் வாயு அடுப்பில் நீலமும் பசுமையும் கலந்த ஒரு சுடர் எழுகிறதன்றோ? அந்த ஒளியில் ஒரு பகுதி, இரண்டு கார்பன் அணுக்கள் இணைந்த மூலக்கூறுகள் உமிழ்வது. அதே மூலக்கூறு விண்மீனின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, கீழிருந்து வரும் ஒளியில் தனக்குரிய பகுதியை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட இடமே கரும்பட்டை. இவ்வாறு கார்பன் மிகுந்த விண்மீன்களுக்குக் கரி விண்மீன்கள் என்னும் பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இனி, கனமான கரியை இலேசான கரியிலிருந்து ஒளியில் எவ்வாறு பிரித்தறிவது? இதற்கு நம் நாட்டு மிருதங்கமே நல்ல எடுத்துக்காட்டு. கச்சேரி தொடங்கும் முன் வித்துவான் ரவையை நீரில் பிசைந்து இடப்பக்கத் தோலில் அப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். எடை கூடுந்தோறும் தோலின் அதிர்வு தளரும், சுருதி இறங்கும். வலப்பக்கத் தோலில் அப்பியிருக்கும் கருஞ்சாந்து வட்டம் இனிய சுருதியைத் தருவது எவ்வாறு என்பதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் சர் சி. வி. ராமன். மூலக்கூறும் ஒரு வகையில் இத்தகைய இசைக்கருவியே. அதிலுள்ள அணுக்கள் ஓயாது அதிர்ந்துகொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கின்றன. இலேசான கரியணுவுக்குப் பதிலாகக் கனமான கரியணு ஒன்று அங்கே அமருமாயின், அதிர்வு சற்றே தளர்கிறது. அதனால் ஒளிப்பட்டையின் இடமும் சற்றே நகர்கிறது. இரண்டு இலேசான கரியணுக்கள் கூடிய மூலக்கூறின் பட்டை 4737 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் தோன்றினால், ஒன்று இலேசும் ஒன்று கனமுமாகக் கூடியதன் பட்டை 4744-இல் தோன்றும். இந்த ஏழு அலகு இடைவெளியே விண்மீன்களின் வரலாற்றைச் சொல்லும் இடைவெளி.

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்தர் கிங், ரேமண்டு பர்ஜ் என்னும் இருவர், மின் உலையில் சூடேற்றிய கார்பனின் நிறமாலையில் 4744-ஐ ஒட்டி மங்கலான பட்டை ஒன்றைக் கண்டனர். கார்பன் 13 என்ற ஒன்று உண்டு என்பதே அதுவரை ஒருவரும் அறியாத செய்தி. அதே ஆண்டில் ராஸ்கோ சான்போர்டு என்பவர், கரி விண்மீன்களின் நிறமாலைகளிலும் அப்பட்டை இருப்பதை எடுத்துக்காட்டினார். ஆய்வுக்கூடத்தில் மங்கித் தோன்றிய பட்டை சில விண்மீன்களில் மிக வலுவாக நின்றது. பின்னர் கனடா நாட்டில் ஆண்ட்ரூ மெக்கெல்லர் 1930-களிலும் 1940-களிலும் இவ்விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்தார். சிலவற்றில் கார்பன் 13 மிக அரிதாயிருந்தது. வேறு சிலவற்றிலோ, கார்பன் 12 மூன்று பங்கென்றால் கார்பன் 13 ஒரு பங்கு என்னும் அளவுக்கு மிகுந்திருந்தது. ஒரே தோற்றமுடைய விண்மீன்களுக்குள் இத்துணை வேறுபாடு ஏன்?

இதற்கு விடை விண்மீனின் உலையில் கிடைத்தது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதற்குக் கார்பன் இடைநின்று உதவும் ஒரு சுழற்சியை வைசேக்கர், ஹான்ஸ் பெத்தே ஆகியோர் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் விளக்கினர். இச்சுழற்சியில் கார்பன் 12 ஒரு புரோட்டானை ஏற்றுக் கார்பன் 13 ஆகிறது. அது மேலும் ஒன்றை ஏற்று நைட்ரஜன் ஆகிறது. இவ்வாறு படிப்படியாகச் சென்று முடிவில் மீண்டும் கார்பன் 12 ஆகிறது. சுழற்சி நிலைபெற்றபின் பார்த்தால் இருவகைக் கரியும் ஏறக்குறைய மூன்றரைக்கு ஒன்று என்னும் விகிதத்தில் நிற்கும். மெக்கெல்லர் அளந்த மூன்றுக்கு ஒன்று என்பதை இதனோடு ஒப்பிட்டால், அவ்விண்மீன்களின் மேற்பரப்பில் உள்ள கரி முன்னொரு காலத்தில் இவ்வுலைக்குள் கிடந்து வந்தது என்பது விளங்கும்.

ஆனால் இச்சுழற்சி புதிய கரியைப் படைப்பதில்லை. இருக்கும் கரியின் உருவை மாற்றுவதே அதன் தொழில். புதிய கரி பிறக்கும் வழியை 1952-ஆம் ஆண்டில் எட்வின் சால்பீட்டர் காட்டினார். விண்மீன் முதிர்ந்து அதன் உட்புறம் பத்துக்கோடி பாகை அளவுக்கு வெப்பமடையும்போது, மூன்று ஹீலிய அணுக்கருக்கள் கூடி ஒரு கார்பன் 12 ஆகின்றன. இதில் கார்பன் 13 பிறப்பதில்லை. அதே 1952-ஆம் ஆண்டில் பால் மெரில் என்பவர், கரி விண்மீன்களுக்கு உறவான சில செம்மீன்களில் டெக்னீசியம் என்னும் தனிமத்தைக் கண்டார். அத்தனிமத்தின் அங்கே பிறக்கும் வகை இரண்டு லட்சம் ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். விண்மீனின் ஆயுளோடு ஒப்பிட இது மிகச் சிறுபொழுது. ஆகவே அது அங்கேயே அண்மையில் சமைக்கப்பட்டு மேலே வந்திருத்தல் வேண்டும். உலைப்பானையின் அடியில் கிடக்கும் பருக்கை கொதியின் வேகத்தால் மேலெழுவதுபோல, முதிய விண்மீனின் ஆழத்தில் உள்ளவை மேலே கிளறப்படுகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று.

இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதிர்ச்சி அடைந்துவரும் ஒரு விண்மீனின் மேற்பரப்பில் கார்பன் அணுக்கள் நூறு உள்ளன என்றும், அவற்றுள் 95 இலேசானவை, 5 கனமானவை என்றும் கொள்வோம். விகிதம் பத்தொன்பதுக்கு ஒன்று. அங்கே ஆக்சிஜன் அணுக்கள் இருநூறு என்று கொள்வோம். கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று இறுகப் பிணையும் இயல்பின. எது குறைவோ அது முழுதும் கார்பன் மோனாக்சைடாக முடிந்துவிடும். ஆகவே கார்பன் இருநூற்றைத் தாண்டினால்தான் மிச்சக் கரி தோன்றும். அப்போதுதான் அது கரி விண்மீன் ஆகும். ஆழத்திலிருந்து மேலே வரும் புதிய கரி முழுதும் கார்பன் 12 ஆதலால், இருநூறை எட்டும்போது 195 இலேசானவையும் 5 கனமானவையும் இருக்கும். விகிதம் முப்பத்தொன்பதுக்கு ஒன்று. 1986-ஆம் ஆண்டில் டேவிட் லாம்பர்ட், பெங்ட் குஸ்டாப்சன் முதலியோர் முப்பது கரி விண்மீன்களை அளந்தபோது, பெரும்பாலானவற்றில் இவ்விகிதம் முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் அமைந்திருந்தது. கரி விண்மீனாக மாறாத செம்மீன்களில் விகிதம் இதனினும் தாழ்ந்திருக்கும். நாம் சுவாதி என்று வணங்கும் விண்மீனில் அது ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றே. நம் சிறு கணக்கும் வானத்தின் கணக்கும் இவ்வாறு இசைந்து நிற்பது வியப்புக்குரியது.

இதுவரை கூறியன விண்மீனின் மேற்பரப்பைப் பற்றியவை. ஆனால் முதிய விண்மீன் தன் மேற்பரப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. அதனை வெளியே ஊதித் தள்ளி, தன்னைச் சுற்றி வாயுவும் புகைக்கரியுமான பெரியதோர் உறையைப் போர்த்துக்கொள்கிறது. உறை தடித்துவிட்டால் கண்ணுக்குப் புலனாகும் ஒளி வெளியே வாராது. வெப்பக் கதிர்களே வரும். 1960-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெர்ரி நியூஜெபார், ராபர்ட் லேட்டன் என்னும் இருவர் வானம் முழுவதையும் வெப்பக் கதிர்களால் ஆராய முற்பட்டனர். அதற்கு வேண்டிய ஆடியை லேட்டன் சிக்கனமாகச் செய்தார். குழம்பான பிசினைத் தட்டில் ஊற்றிச் சுழற்றி, அது குழிந்த வடிவில் உறைந்தபின் அலுமினியம் பூசினார். அவ்வாடி கண்டெடுத்த பொருள்களுள் ஒன்று, நம் மக நட்சத்திரத்துக்கு அருகே, சிம்ம ராசியில் உள்ளது. கண்ணுக்குத் தோன்றாத அவ்விண்மீன் வெப்பக் கதிரில் வானத்தின் மிக ஒளிமிக்க பொருள்களுள் ஒன்றாய் விளங்கியது. 1969-ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. நம்மிடமிருந்து ஏறக்குறைய நானூறு ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அக்கரி விண்மீன், ஆண்டொன்றுக்கு ஆறேழு மண்ணுலகங்களின் எடையுள்ள வாயுவை வெளியே வீசிக்கொண்டிருக்கிறது.

அவ்வுறையின் குளிர்ந்த வாயுவை ஆராய ஒளி உதவாது. மில்லிமீட்டர் அளவுள்ள ரேடியோ அலைகளே உதவும். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு சுழலும்போது நொடிக்கு 11,527 கோடி அதிர்வுகள் கொண்ட அலையை வெளியிடுகிறது. அதில் கார்பன் 13 அமர்ந்திருந்தால் அதிர்வு 11,020 கோடியாகத் தாழ்கிறது. மிருதங்கத்துக்குச் சொன்ன அதே நியாயம் இங்கும் பொருந்துகிறது. சிம்ம ராசி விண்மீனின் உறையில் கார்பன் மோனாக்சைடு இருப்பது 1971-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதுமுதல் ஐசோடோப்பு விகிதங்களைக் காணும் ஆராய்ச்சி ரேடியோ வானநூலின் ஒரு முக்கியத் துறையாக வளர்ந்தது. லேட்டன் பின்னர் இத்தகைய அலைகளுக்காகவே 10.4 மீட்டர் விட்டமுள்ள உலோகத் தட்டுகளை வடிவமைத்தார்.

அதே 10.4 மீட்டர் அளவுள்ள தட்டு ஒன்று பெங்களூரிலும் எழுந்தது. ராமன் 1948-ஆம் ஆண்டில் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், ராமனின் புதல்வர் ராதாகிருஷ்ணன் 1972 முதல் 1994 வரை இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில், 1980-களில், இம்மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி அந்நிலையத்தின் வளாகத்திலேயே உருப்பெற்றது. நுண்ணிய அலைகளை ஏற்கும் கருவிகளைக் கடுங்குளிரில் வைத்து இயக்கும் தொழில் நம் நாட்டுப் பொறியாளர்களின் கைக்கு வந்தது. முதிய விண்மீன்களின் உறையில் சிலிக்கன் ஆக்சைடு வெளியிடும் அலைகளை அத்தொலைநோக்கி ஆராய்ந்தது. இவை பெரும்பாலும் ஆக்சிஜன் மிகுந்த செம்மீன்கள். கரி விண்மீன்களின் முந்திய பருவம் என்று சொல்லத் தகுந்தவை. மில்லிமீட்டர் அலைகளைக் காற்றின் ஈரம் தடுக்கும். தொள்ளாயிரம் மீட்டர் உயரமே உள்ள பெங்களூரில், மழை மேகம் சூழும் மாதங்களில், இத்தகைய பணி எளிதன்று. உலகின் பெரிய மில்லிமீட்டர் அலை நிலையம் சிலி நாட்டுப் பாலைவனத்தில் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

உறையில் அளக்கும் விகிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமோ என்றால், கூடாது. கார்பன் 12 கொண்ட மூலக்கூறு மிகுதியாதலால் அதன் அலையை வழியிலுள்ள அதன் இனமே விழுங்கிவிடுகிறது. கூட்டத்தில் முன்வரிசையார் மட்டும் கண்ணுக்குத் தெரிவதுபோல, பின்னால் நிற்பவை எண்ணிக்கையில் சேருவதில்லை. அரிதான கார்பன் 13-க்கு இத்தடை இல்லை. எனவே விகிதம் உண்மையைவிடத் தாழ்ந்து தோன்றும். மேலும், உறையின் ஓரத்தில் பிற விண்மீன்களின் புறஊதாக் கதிர்கள் பட்டு மூலக்கூறுகள் உடைகின்றன; மிகுதியாக உள்ளது தன்னைத் தானே நிழலிட்டுக் காத்துக்கொள்ளும், அரிதானது எளிதில் அழியும். இது விகிதத்தை மறுபக்கம் இழுக்கும். இவற்றையெல்லாம் கழித்தும் கூட்டியும் கண்டால்தான் விண்மீனின் உண்மைக் கணக்கு புலனாகும். அவ்வாறு கண்டதில் சிம்ம ராசி விண்மீனின் விகிதம் ஏறக்குறைய நாற்பத்தைந்துக்கு ஒன்று. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு, ஆக்சிஜன் மிகுந்த முதிய விண்மீன்களின் உறைகளில் நடுநிலை விகிதம் 13 என்றும், இடைப்பட்டவற்றில் 26 என்றும், கரி விண்மீன்களில் 34 என்றும் கண்டது. புதிய கரி படிப்படியாக மேலே கிளறப்படும் வரலாறு இவ்வெண்களில் வரிசையாக நிற்கிறது.

பெங்களூரின் மற்றொரு நிலையத்தின் கதை கோடைக்கானலில் தொடங்குகிறது. சென்னை வான ஆய்வகத்தின் பணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கோடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டன. அவ்வழியில் வந்த இந்திய வான் இயற்பியல் நிலையம் 1971-ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்றுப் பின்னர்ப் பெங்களூரில் தலைமையகம் கொண்டது. அதன் முதல் இயக்குநர் வைணு பாப்பு. சூரியனை மட்டுமன்றி இரவு வானத்து விண்மீன்களையும் நாம் ஆராய்தல் வேண்டும் என்று கருதிய அவர், ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ஆம் ஆண்டில் அங்கே சிறிய தொலைநோக்கி ஒன்றும், 1972-ஆம் ஆண்டில் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி ஒன்றும் நிறுவப்பட்டன. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து ஆக்குதல் வேண்டும் என்பது அவர் துணிபு. அது முற்றுப்பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982-ஆம் ஆண்டில் மறைந்தார். 1986 ஜனவரியில் அத்தொலைநோக்கி அவர் பெயராலேயே திறக்கப்பட்டது.

இந்நிலையத்தைச் சேர்ந்த காமேசுவர ராவ் பல்லாண்டுகள் ஆராய்ந்த பொருள் ஒரு விந்தையான விண்மீன் குடும்பம். சுவாதிக்குக் கிழக்கே வடமுடி என்று கூறத்தகும் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஆர் என்னும் விண்மீன் இக்குடும்பத்துக்குத் தலைமை. வெறுங்கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் அவ்விண்மீன், முன்னறிவிப்பு ஏதுமின்றிச் சில வாரங்களில் ஆயிரம் மடங்குக்கும் மேலாக மங்கிவிடும். 1795-ஆம் ஆண்டிலேயே எட்வர்டு பிகட் இதைக் கண்டு கூறினார். விண்மீன் உமிழ்ந்த கரி புகையாக உறைந்து நம் பார்வையை மறைப்பதே இதற்குக் காரணம் என்று 1930-களில் கருதப்பட்டது, அக்கருத்தே நிலைத்தது. 2007-ஆம் ஆண்டில் மங்கத் தொடங்கிய அது ஏழாண்டுகள் கழிந்தும் தன் பழைய ஒளியை எட்டவில்லை. இக்குடும்பத்து விண்மீன்களில் கார்பன் மிகுதி. ஹைட்ரஜனோ மிக மிக அரிது. பிரபஞ்சமெங்கும் மலிந்து கிடக்கும் ஹைட்ரஜன் இவற்றில் எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு இரு விடைகள் எதிரெதிரே நின்றன. ஒரு சாரார், அவிந்துகொண்டிருக்கும் விண்மீன் ஒன்று கடைசி முறையாக ஒளிவிட்டெரிந்து, எஞ்சியிருந்த ஹைட்ரஜனை விழுங்கிவிட்டது என்றனர். மற்றொரு சாரார், ஒன்றையொன்று சுற்றிவந்த இரு வெண்குறு விண்மீன்கள், ஒன்று ஹீலியத்தாலும் மற்றது கார்பனாலும் ஆக்சிஜனாலும் ஆனவை, மோதிக் கலந்ததன் விளைவே இது என்றனர். ரொனால்டு வெபிங்க் 1984-ஆம் ஆண்டில் இவ்விரண்டாம் கருத்தை எடுத்துரைத்தார். இரண்டில் எது மெய்? இருவர் வழக்கில் சான்று கூற வந்தவை ஐசோடோப்புகளே.

கடைசி எரிவில் வெப்பமான கரியோடு ஹைட்ரஜன் கலப்பதால் கார்பன் 13 மிகுதியாகப் பிறத்தல் வேண்டும். 1996-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய யுகியோ சகுராய் கண்டுபிடித்த விண்மீன் இத்தகைய கடைசி எரிவுக்கு நேரடி எடுத்துக்காட்டு. அதில் விகிதம் ஐந்துக்கும் கீழே இருந்தது. வடமுடிக் குடும்பத்திலோ பெரும்பாலான விண்மீன்களில் கார்பன் 13-இன் சுவடே காணப்படவில்லை. மேலும், இரு விண்மீன்கள் கலக்கும்போது நைட்ரஜன் ஹீலியத்தை ஏற்று ஆக்சிஜன் 18 என்னும் கனமான ஆக்சிஜனாக மாறும் வாய்ப்பு உண்டு. சூரியனில் ஆக்சிஜன் 18 ஒன்றுக்கு ஆக்சிஜன் 16 ஏறக்குறைய ஐந்நூறு. 2005-ஆம் ஆண்டில் ஜெப்ரி கிளேட்டன் முதலியோர், இக்குடும்பத்துக்கு நெருங்கிய ஒரு விண்மீனில் ஆக்சிஜன் 18, ஆக்சிஜன் 16-ஐவிட மிகுந்திருப்பதைக் கண்டனர். 2010-ஆம் ஆண்டில் கார்சியா எர்னாண்டஸ், லாம்பர்ட், காமேசுவர ராவ் முதலியோர் இக்குடும்பத்தின் ஐந்து குளிர்ந்த விண்மீன்களை அளந்து, நான்கில் விகிதம் மூன்றுக்கும் இருபதுக்கும் இடையே அமைவதைக் கண்டனர். ஐந்தாவதில் அது ஒன்றுக்கும் கீழே இருந்தது. ஐந்நூறு எங்கே, இருபது எங்கே! மோதிக் கலந்தன என்போர் பக்கம் வழக்கு சாய்ந்தது.

எனினும் வழக்கு முற்றும் தீர்ந்தது என்று கூறிவிடல் ஆகாது. தென்முடிக் கூட்டத்து வி என்னும் விண்மீன் இக்குடும்பத்ததே. அதில் கார்பன் 13 தெளிவாகவே மிகுந்திருப்பதை ராவும் லாம்பர்டும் 2008-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். பெங்களூர் நிலையத்தைச் சேர்ந்த ஹேமா, கஜேந்திர பாண்டே ஆகியோர் லாம்பர்டோடு சேர்ந்து 2012-ஆம் ஆண்டில், இக்குடும்பத்து விண்மீன்களின் கார்பன் பட்டைகளை ஒருங்கே ஆராய்ந்தனர். அவர்கள் விகிதம் காணப் பயன்படுத்தியது 1929-ஆம் ஆண்டில் கிங்கும் பர்ஜும் ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே பட்டை. கணக்கிட்ட கார்பனும் மாதிரியில் வைத்த கார்பனும் ஒத்துவராத சிக்கலும் அங்கே எதிர்ப்பட்டது. விண்மீனின் வளிமண்டலத்து வெப்பநிலையை நாம் கொள்ளும் முறையிலேயே திருத்தம் வேண்டியிருக்கலாம் என்று அவர்கள் சுட்டினர். எண் கிடைத்த பின்னும் அதனை ஐயுற்று நோக்குவதே ஆராய்ச்சியின் நெறி.

இன்னொரு குடும்பமும் பெங்களூரில் ஆராயப்பட்டு வந்துள்ளது. கார்பனும் ஹைட்ரஜனும் கூடிய மூலக்கூறின் பட்டை வலுத்துத் தோன்றும் சில பழைய விண்மீன்கள், தாமே கரியைச் சமைக்கும் பருவத்தை எட்டாதவை. முன்னே முதிர்ந்துபோன துணை விண்மீன் தன் கரியை இவற்றின்மேல் பொழிந்துவிட்டு, தான் வெண்குறு விண்மீனாகச் சுருங்கி மறைந்து நிற்கிறது. இரவல் நகை அணிந்தவர்போல் இவை பிறர் கரியைச் சுமந்து திரிகின்றன. லடாக்கில் ஹன்லே என்னுமிடத்தில் 4500 மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு மீட்டர்த் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக இயக்க இயலும். அதனைக் கொண்டு அருணா கோஸ்வாமியும் அவர்தம் குழுவினரும் இத்தகைய விண்மீன்களைத் தேடி வகைப்படுத்தினர். இரவல் கரியையும் சொந்தக் கரியையும் வேறுபடுத்திக் காட்டும் குறிகளுள் கார்பன் 12, கார்பன் 13 விகிதமும் ஒன்று.

இவ்வளவும் தொலைவிலிருந்து படித்த கணக்கு. கையில் எடுத்துச் சரிபார்க்க வழியுண்டா? உண்டு. 1969-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே விண்கல் ஒன்று விழுந்தது. அதனுள் மணலினும் நுண்ணிய சிலிக்கன் கார்பைடு துகள்கள் பொதிந்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருவகைக் கரியின் விகிதம் நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் உள்ளது. சூரியன் பிறப்பதற்கு முன்பே ஏதோ ஒரு கரி விண்மீனின் உறையில் உறைந்த துகள்கள் அவை. நிறமாலையில் படித்த எண்ணும் ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணும் ஒன்றுபட்டபோது, முதிய விண்மீனின் உறையே கரியைப் பரப்பும் களம் என்பதற்கு ஐயமற்ற சான்று கிடைத்தது.

நம் உடலில் உள்ள கரியின் விகிதம் எண்பத்தொன்பதுக்கு ஒன்று என்றோம். இன்று சூரியனுக்கு அண்மையில், விண்மீன்களின் இடையே பரந்து கிடக்கும் வாயுவில் அது ஏறக்குறைய எழுபதுக்கு ஒன்றாகத் தாழ்ந்துள்ளது. காரணம், சூரியன் பிறந்து கழிந்த 460 கோடி ஆண்டுகளில், எண்ணிறந்த முதிய விண்மீன்கள் தம் உறைகளை வெளியே பரப்பி, கார்பன் 13 மிகுந்த வாயுவைப் பொதுவெளியில் கலந்துவிட்டன. நாமோ அன்றைய விகிதத்தையே இன்றும் சுமந்து நிற்கிறோம். மறைந்த விண்மீன்கள் எழுதிவைத்த பழங்கணக்கு ஒன்று நம் ஒவ்வொருவர் உடலிலும் மாறாமல் இருக்கிறது. காவலூர் மலையில் ஓர் இரவு கண்விழித்து 4744-ஆம் அலைநீளத்தில் மங்கிய பட்டையொன்றை அளப்பவர், தொலைவிலுள்ள விண்மீனை மட்டும் அளக்கவில்லை. நாம் எதனால் ஆனோம் என்பதையும் அளக்கின்றார்.